பதினோரு பங்காளிகளும் ஒரு தாய்மாமனும்

அன்றைக்கு ரயில்வே ஆஸ்பத்திரியின் வடக்கு ஜன்னல் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் குறுப்பு. ஸ்டேஷனில் சிக்னல் விளக்கு ஏற்றும் வெள்ளைச்சாமி. அவருடைய மூத்த அண்ணன் காளிமுத்து. வெள்ளைச்சாமியின் மகன் சண்முகம். சண்முகத்தின் தாய் பொன்னம்மாள். பொன்னம்மாளின் அண்ணன் அழகர். தலைவலி மாத்திரை வாங்க வந்து, தலைவலியையே மறந்து நின்றுவிட்ட ஸ்டேஷன் மாஸ்டர். எட்டாவது ஆள் நான், ஆஸ்பத்திரி அட்டெண்டர் ராமு. வேறு யாரும் கிடையாது. பின்னாளில் பாதி ஸ்டேஷன் "நானும் அங்கனதான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. நம்பாதீர்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கண் பரிசோதனைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். "அந்தக் காலத்துல நூலை வச்சா பாத்தீங்க?" என்று ஒரு பையன் சிரித்தான். நூலை வைத்துத்தான் பார்த்தோம். ஓய்வூதியர் சங்க மலருக்கு அதையே எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத உட்கார்ந்தால் பேனாவில் மை இருக்கிறதா, எழுதியதில் யாராவது மனம் புண்படுவார்களா என்று ஆயிரம் கவலை. ஆனால் அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. பாம்பனுக்கு இந்தப் பக்கம் இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. பெயர்தான் ஆஸ்பத்திரி, இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு பக்கமும் மணல். நான் அங்கே பெருக்கப் போய், மருந்து கலக்கக் கற்று, கட்டுப்போடக் கற்று, கடைசியில் டாக்டரின் கைக்கு அருகே நிற்கும் ஆளானேன். அதற்குச் சில வருஷம் பிடித்தது. அது கிடக்கட்டும்.

நூலைச் சொல்கிறேன். ரயில்வேயில் சிக்னலைப் பார்த்து வேலை செய்ய வேண்டிய எவனுக்கும் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு தகரப் பெட்டியில் கம்பளி நூல் கண்டுகள் வைத்திருந்தோம். சின்னச் சின்னக் கண்டு, கட்டைவிரல் மொத்தம். பச்சையில் பல வகை, சிவப்பில் பல வகை, தவிட்டு நிறம், கஞ்சி நிறம், சாம்பல், ஊதா என்று ஒரு குவியல். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து அதைக் கொட்டுவோம். வெளிர்பச்சைக் கண்டு ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, "இதோட சேர்ந்ததை எல்லாம் எடுத்து வையுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். நிறத்தின் பெயரைக் கேட்கக் கூடாது. பெயர் தெரியாதவனுக்கும் கண் நன்றாக இருக்கலாம். பெயரை மனப்பாடமாகச் சொல்கிறவனுக்குக் கண் மோசமாக இருக்கலாம். நல்ல கண் உள்ளவன் பச்சைகளை மட்டும் பொறுக்குவான். குறை உள்ளவன் பச்சையோடு தவிட்டையும் கஞ்சியையும் சந்தேகமே இல்லாமல் சேர்த்து வைப்பான். அடுத்தது ரோஜா நிறம். கடைசியில் நல்ல சிவப்பு. சிவப்போடு கரும்பச்சையைக் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்தது.

டாக்டர் குறுப்பு பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. சீரகத் தண்ணீர்தான் குடிப்பார். நூலைத் தொடும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவுவார், என்னையும் கழுவ வைப்பார். அழுக்குப் பட்டால் நிறம் மாறிவிடுமாம். கிழக்கே கடல் வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று, மேசையை வடக்கு ஜன்னலுக்கு மாற்றினார். "பெயில்" என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "கொஞ்சம் உட்காருங்க" என்பார். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிடும். பரிசோதனை நடக்கும்போது நான் வருகிறவனுக்கு முதுகுப் பக்கம்தான் நிற்க வேண்டும். "ராமு, உன் முகத்தைப் பாத்தா அவனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோகும்" என்பார். உண்மைதான். அவன் கை தவிட்டுக் கண்டுக்குப் போனால் என் வாய் தானாகப் பிளந்துவிடும்.

பெட்டி என் பொறுப்பு. பூச்சி அரித்துவிட்டதோ, வெயில் பட்டு வெளுத்துவிட்டதோ என்று ஓயாத பயம். என் கண்ணுக்கே திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் காலையில் வந்ததும் நானே உட்கார்ந்து பொறுக்கிப் பார்த்துக்கொள்வேன். நான் தினமும் பாஸ்.

சண்முகம் வந்தது, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு. வெள்ளைச்சாமி விளக்குக்காரர், ஸ்டேஷனில் எல்லோருக்கும் வேண்டியவர். சாயங்காலம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், சிக்னல் கம்பத்தில் ஏறி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, சிவப்புக் கண்ணாடியையும் பச்சைக் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வருவார். அவர் மகனுக்குப் பரிசோதனை என்றால் அது சும்மா சடங்கு என்றே நினைத்தோம். சண்முகம் உட்கார்ந்தான். வெளிர்பச்சையோடு கஞ்சி நிறத்தை வைத்தான். தவிட்டை வைத்தான். சிவப்புக்குக் கரும்பச்சையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சரிதானே என்று நிமிர்ந்து பார்த்தான்.

"கொஞ்சம் உட்காருங்க" என்றார் டாக்டர்.

வெள்ளைச்சாமி உள்ளே வந்து குதித்தார். "சார், நான் துடைக்கிற கண்ணாடி சார் அது! எம் புள்ளைக்கா அது தெரியாது? உங்க நூலுல ஏதோ கோளாறு!"

நூலில் கோளாறு என்றதும் நான் குவியலைக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தேன். டாக்டர் சலனமே இல்லாமல் சொன்னார்: "இது குடும்பத்துல வர்ற சங்கதி. ஞாயிற்றுக்கிழமை பையனோட குடும்பத்து ஆம்பளைகளை எல்லாம் கூட்டிட்டு வாங்க. நானும் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நயினார்கோவில் பக்கமிருந்து வந்து இறங்கினார்கள் பாருங்கள்! வெள்ளைச்சாமியையும் சேர்த்துப் பதினோரு பேர். அண்ணன், தம்பி, பெரியப்பா மகன், சித்தப்பா மகன். எல்லாம் பங்காளிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தன. கோயிலுக்கு வருவதுபோல வேட்டி துவைத்துக் கட்டி வந்திருந்தார்கள். டாக்டர் பெரியவர் காளிமுத்துவிடம், "எல்லாரும் குடும்பத்து ஆளுகதானே?" என்று கேட்டார். "சத்தியமா சார். ஒரே குலசாமி, ஒரே ரத்தம்" என்றார் அவர்.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒருத்தன் பாஸ் ஆனதும் வெளியே போய்த் துண்டை உதறி, "முடிஞ்சுது" என்பான். மற்றவர்கள் "ஏலே, பருந்துக் கண்ணுடா நம்ம வம்சத்துக்கு" என்று முதுகில் தட்டுவார்கள். எனக்கோ ஒவ்வொரு பாஸுக்கும் நெஞ்சு கனத்துக்கொண்டே போனது. டாக்டரின் சீரகத் தண்ணீர் டம்ளர் தொடாமல் ஆறிக் கிடந்தது. பதினோராவது ஆளும் பச்சையை மட்டும் அழகாகப் பொறுக்கி அடுக்கியபோது, அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். படித்ததோடு இது பொருந்தவில்லை என்று அவருக்கும் குழப்பம்.

வெளியே தொட்டியடியில் பொன்னம்மாள் நின்றுகொண்டிருந்தார், வந்தவர்களுக்குச் சோற்றுத் தூக்குச்சட்டியோடு. அவர் காதுபடத்தான் காளிமுத்து கேட்டார்:

"பதினோரு பேரும் பாஸு. இவன் ஒருத்தன்தான் பெயிலு. அப்ப நம்ம ரத்தத்துல இல்லாதது இவனுக்கு எங்கருந்து வந்துச்சு? ஏலே வெள்ளைச்சாமி, யோசிச்சுக்க."

வெள்ளைச்சாமி அண்ணனை அடக்கியிருக்க வேண்டும். அவர் பொன்னம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். பொன்னம்மாள் தூக்குச்சட்டியை மணலில் வைத்தார்.

"சாப்பிட்டுட்டுச் சட்டியைக் கழுவி வைங்க. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அவ்வளவுதான். அப்படியே நடந்துபோய் பஸ் ஏறி, ஆர்.எஸ்.மங்கலம் போய்விட்டார். இருபது வருஷத்துக் குடும்பம். அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை. எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் ஏது? பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு கண்டு வெளுத்திருந்தால்கூட அந்த அம்மாளின் வாழ்க்கையை நாசமாக்கியது நான்தானே?

மூன்றாம் நாள் காலை, நான் முதலில் சொன்ன அந்த எட்டுப் பேரும் சேர்ந்த நாள். வெள்ளைச்சாமியும் காளிமுத்துவும் சண்முகத்தோடு, சர்டிபிகேட்டில் டாக்டர் என்ன எழுதப்போகிறார் என்று கேட்க வந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மாத்திரைக்குக் கை நீட்டியபடி நின்றார். அப்போது வாசலில் செருப்புச் சத்தம். ஆறடி ஆள், தோளில் துண்டு, முழங்கால் வரை வயல் சேறு காய்ந்திருந்தது. பின்னால் பொன்னம்மாள்.

"எவன்டா எந்தங்கச்சியைப் பேசுனவன்?"

காளிமுத்து எழுந்தார். "கேட்டது நான்தான். கேட்டதுல என்ன தப்பு? பதினோரு பேரு…"

"பதினோரு பேரு இல்ல, நூத்திப் பத்துப் பேரா வா! இங்கனயே தீத்துருவோம்!"

"இது ரயில்வே இடம்! ரயில்வே இடம்!" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினார். நான் நூல் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

டாக்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "நீங்க ஆரு?"

"ஆரா? நான் பொன்னு கூடப்பொறந்த அண்ணன். அந்தப் பயலுக்குத் தாய்மாமன்!"

டாக்டர் எழுந்தே விட்டார். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"தாய்மாமனா? அப்போ அன்னிக்கு வந்த அந்தப் பதினோரு பேர் ஆரு?"

"அவுக பங்காளிக சார்" என்றேன் நான்.

"பங்காளின்னா? அப்பா வழியா? மொத்தமுமா?"

"குடும்பத்து ஆம்பளைகன்னு சொன்னீங்களே சார்" என்றார் வெள்ளைச்சாமி. "அவருக்கு வேற குலசாமி. அவரு வேற குடும்பம்ல?"

டாக்டர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "கடவுளே! எங்க நாட்டுல குடும்பம்னா தாய் வழிதான், மாமன்தான் முதல்ல வந்து நிப்பான்! நான் மாமன்மாரைக் கேட்டேன்னு நெனச்சேன், நீங்க அப்பன்மாரைக் கொண்டாந்து நிறுத்துனீங்க! ராமு, துணியை விரி!"

நான் விரித்தேன். அவசரத்தில் பாதிக் கண்டுகள் தரையில் உருண்டன. டாக்டர் என்னோடு சேர்ந்து குனிந்து பொறுக்கினார். கை கழுவக்கூட மறந்துவிட்டார்.

அழகர் முறைத்தார். "நான் சண்டைக்கு வந்திருக்கேன். நூல் பொறுக்கவா வந்தேன்?"

"அண்ணே, உக்காருண்ணே" என்றார் பொன்னம்மாள். அண்ணனைச் சோதித்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. டாக்டர் முகத்தில் எதையோ பார்த்திருக்கிறார்.

அழகர் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் அவர் முதுகுக்குப் பின்னால். வெளிர்பச்சைக் கண்டை டாக்டர் எடுத்து வைத்தார். அழகரின் பெரிய கை குவியலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு பச்சையை எடுத்தது. அடுத்து இன்னொரு பச்சை. போச்சு, இவரும் பாஸ் என்று நினைத்தேன். மூன்றாவதாக அந்தக் கை கஞ்சி நிறத்தை எடுத்து, பச்சைக்குப் பக்கத்தில் பூப்போல வைத்தது. அடுத்தது தவிடு! சண்முகம் எடுத்த அதே தவிட்டுக் கண்டு! நான் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் சிவப்பை வைத்தார். அழகர் கரும்பச்சையை எடுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இம்புட்டுத்தான். சரியா இருக்கா?"

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் "ஐயோ, அது பச்சைய்யா!" என்றார். சண்முகம் மட்டும் எட்டிப் பார்த்து, "மாமா சரியாத்தானே வச்சிருக்காரு?" என்றான். டாக்டர் சிரித்த சிரிப்பு தண்டவாளம் வரை கேட்டிருக்கும்.

பிறகு அவர் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். முதலில் ஒரு சிவப்பு நூலையும் ஒரு பச்சை நூலையும் உருவி எடுத்து விளக்கத் தொடங்கினார். மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே! "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று அவற்றை வீசிவிட்டு, ஒரே மாதிரி வெள்ளை நூலாக எடுத்தார். சிலவற்றில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"நிறம் பார்க்கிற சங்கதி இந்த நூல்ல இருக்குன்னு வச்சுக்குங்க. முடிச்சு விழுந்த நூல் வேலை செய்யாது. பொம்பளைக்கு இந்த நூல் ரெண்டு. ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணும் அம்மா கொடுக்கிறது."

"அப்பன் கொடுக்கறது?" என்றார் வெள்ளைச்சாமி.

"அப்பன்கிட்ட உள்ள ஒரு நூல் மகளுக்குத்தான் போகும். மகனுக்கு அவன் கொடுக்கிறது இது." கட்டுத்துணியிலிருந்து குட்டையாக ஓர் இழையைக் கிழித்து வைத்தார். "பிள்ளையை ஆம்பளையாக்கும். நிறத்தைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை. நீங்க பதினோரு பேரில்லை, ஊரையே கொண்டுவந்தாலும் இந்தப் பையன் கண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

முடிச்சுப் போட்ட ஒரு நூலை அழகர் முன்னால் வைத்தார். பொன்னம்மாள் முன்னால் இரண்டு: ஒன்றில் முடிச்சு, ஒன்று நல்லது. "இந்த முடிச்சு ரெண்டு பேருக்கும் உங்க அம்மா கொடுத்தது. இவருக்கு வேற நூல் இல்லை, அதனால தெரியலை. இவங்களுக்கு அப்பா கொடுத்த நல்ல நூல் ஒண்ணு இருக்கு, அதனால கண்ணு நல்லா இருக்கு. முடிச்சு உள்ள இருக்கிறது இவங்களுக்கே தெரியாது. மகனுக்கு ரெண்டுல எது போகும்னு யாரும் சொல்ல முடியாது. முடிச்சு போயிருக்கு. அவ்வளவுதான்."

அழகர் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வந்த முகம் எங்கேயோ போய்விட்டது.

"எங்கய்யா என்னைய அடிச்ச அடி கொஞ்சமா சார்? மொளகாப் பழம் பறிச்சுட்டு வாடான்னா காயும் பழமுமாக் கொண்டாருவேன். வேலை செய்ய வலிக்குதா கள்ளப்பயலேன்னு புளிய விளாறால போடுவாரு. இன்னைக்கு வரைக்கும் நான் அமுக்கிப் பாத்துத்தான் பறிக்கேன். மத்தவுகளும் அப்படித்தான் பறிக்கிறாகன்னு நெனச்சேன் சார்." திடீரென்று நிமிர்ந்தார். "ஆனா எம் பயலுக ரெண்டு பேரும் தூரத்துல நின்னே பழத்தைக் காட்டுவானுகளே?"

"காட்டுவாங்க! அவங்க அம்மா நூல் நல்லதுன்னா காட்டியே ஆகணும்!" டாக்டர் மேசையைத் தட்டினார். "நீங்க மகனுக்குக் கொடுத்தது வெறும் கட்டுத்துணி இழை! மக இருந்தா உங்க முடிச்சு அவளுக்குத்தான் போயிருக்கும்!"

அடடா, எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. வேறு ஊரில், வேறு வயலில், நாங்கள் பார்த்தே இராத பையன்கள் மிளகாய் பறிப்பது எப்படி என்று ஒரு துண்டு நூல் சொல்லிவிட்டது!

வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமினார். "அப்ப கொறை அவுக வீட்டுலருந்துதான் வந்திருக்கு."

சும்மா இருந்திருக்கலாம் அந்த மனிதர். பொன்னம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"ஆமா, எங்க வீட்டுலருந்துதான் வந்துச்சு. ஏலே சண்முகம், சிரிலே." அவன் விழித்தான். "சிரிலேன்னேன்ல!" அவன் பல்லைக் காட்டினான். முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தன. "இந்தப் பல்லு யாரு வீட்டுலருந்து வந்துச்சு? பதினோரு பேரும் வரிசையாக் காட்டிக்கிட்டு நின்னீகளே, ஒருத்தன் கண்ணுலயும் படலையா? உங்க கண்ணுதான் பருந்துக் கண்ணாச்சே!"

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்து, அடக்க முடியாமல் வெளியே ஓடினார். காளிமுத்து உதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொண்டார்.

அன்று நான் டாக்டரிடம் தனியே கேட்டேன். "சார், அழகரும் பாஸ் ஆயிருந்தா?"

"ஆயிருக்கலாம் ராமு. பாதிக்குப் பாதி. அவங்க அம்மா நல்ல நூலைக் கொடுத்திருந்தா அவரும் பச்சையை மட்டும் பொறுக்கியிருப்பார். அப்பவும் பொன்னம்மா மேல ஒரு தப்பும் இல்லை. ஆனா இவங்ககிட்ட அதைச் சொல்லி நம்ப வைக்க என்னால ஆகியிருக்காது."

பாதிக்குப் பாதி! அழகர் கை குவியலுக்கு மேலே சுற்றியபோது எனக்கு அது தெரிந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். இன்றைக்கும் நினைத்தால் வியர்க்கிறது. அந்த வாரமே என் தங்கை வீட்டுக்கு ஓடி, பச்சை மிளகாயும் பழமும் கலந்து கொட்டி, மருமகன்களைப் பிரிக்கச் சொன்னேன். சரியாகப் பிரித்தார்கள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதார்கள். தங்கை என்னை விளக்குமாற்றோடு துரத்தினாள்.

சண்முகத்துக்கு சிக்னல் பார்க்க வேண்டாத வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். பார்சல் ஆபீசில் சேர்ந்து கடைசி வரை நல்ல பெயரோடு இருந்தான். அதற்குப் பிறகு வந்த எந்தப் பையன் தவிட்டுக் கண்டை எடுத்தாலும், "தாய்மாமன் இருக்காரா?" என்று கேட்பது என் வேலையாகிவிட்டது.

ஆனால் பொன்னம்மாள் அன்றே வீடு திரும்பிவிடவில்லை. வெள்ளைச்சாமி, "வா பொன்னு, போவோம்" என்றதற்கு அழகர் குறுக்கே நின்றார். எங்கள் பக்கத்தில், பெண்ணை வாய் கூசாமல் பேசவிட்ட புருஷன் அவள் பிறந்த வீட்டுக்குத் தெண்டம் கட்டித்தான் அழைத்துப்போக வேண்டும். சிரித்து முடித்துத் திரும்பிவந்த ஸ்டேஷன் மாஸ்டர், ரயில்வே இடத்தில் பஞ்சாயத்துக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவரே தீர்ப்புச் சொன்னார்: ஐம்பத்தோரு ரூபாய்.

"எங்கண்ணனுக்கு வேண்டாம். பேச்சு வாங்குனது நான். எங்கையில கட்டட்டும்" என்றார் பொன்னம்மாள். "சம்பளத்துக்குச் சம்பளம் அஞ்சு ரூவா. முதல் அஞ்சை வச்சாத்தான் வருவேன்."

வெள்ளைச்சாமி சண்முகத்திடமே கைமாற்று வாங்கி வைத்தார். பொன்னம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தார்; மனிதர் பின்னால் போனார். அப்புறம் சம்பள நாள்தோறும் ஒழுங்காகக் கட்டினார். ஒன்பது தவணை முடிந்து, பத்தாவதாக மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். பொன்னம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

"அது இருக்கட்டும். முழுசாக் கட்டிட்டா மறுபடி பேசத் தோணும்."

வெள்ளைச்சாமி என்னிடம் வந்து முறையிட்டார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் முறையிட்டார். ரிட்டயர் ஆன அன்று மாலையும் கையுமாக மறுபடி நீட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் வாங்கவே இல்லை. பாக்கி ஆறு ரூபாய்.